பத்து சென்ட்டுக்கு ஒரு கிரகம்

ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் முதன்முதலாகக் காமிக்ஸ் படித்தது 1944 பிப்ரவரியில், நியூயார்க்கின் பாதாள ரயிலில். ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ் நிறுவனத்தில் ஆசிரியர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, போய்ப் பார் என்று எழுத்தாளர் ஆல்ஃபிரட் பெஸ்டர் சொல்லியிருந்தார். நேர்முகத்துக்குப் போகிற வழியில் மூன்று இதழ்களை வாங்கி, இறங்குவதற்குள் புரட்டி முடித்துவிட்டதாக ஷ்வார்ட்ஸ் பிற்காலத்தில் சொல்வார். வேலை கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அதே தொழிலில் நிலைத்தார்.

காமிக்ஸ்தான் தெரியாதே தவிர, விஞ்ஞானக் கதை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பள்ளிப் பருவத்திலேயே நண்பர் மோர்ட் வைசிங்கருடன் சேர்ந்து 1932இல் 'தி டைம் டிராவலர்' என்ற ரசிகர் இதழை நடத்தியவர். 1934இல் அதே நண்பருடன் சேர்ந்து, விஞ்ஞானக் கதை எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் பத்திரிகைகளுக்கு விற்றுத் தரும் முகவர் தொழிலைத் தொடங்கினார். எச். பி. லவ்கிராஃப்டின் அண்டார்ட்டிகா நெடுங்கதையை 'அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்' வாங்கியது அவர் மூலமாகத்தான். 1941இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த ஓர் இளைஞரின் முதல் கதையை விற்றுக் கொடுத்ததும் அவரே. அந்த இளைஞர் ரே பிராட்பரி. இந்தப் பெயர் பின்னால் திரும்பவும் வரும், ஷ்வார்ட்ஸின் போட்டிக்காரர்கள் வீட்டு வாசலில்.

1950இலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த விஞ்ஞான சாகசக் காமிக்ஸை இன்று கையில் எடுத்தால், முதலில் கண்ணில் படுவது ராக்கெட்டும் கண்ணாடிக் குமிழ்த் தலைக்கவசமும் பச்சை நிற அந்நியர்களும். நாலைந்து இதழ்களைச் சேர்த்துப் படித்தால் வேறொன்று புலப்படும். ஒரு கதை எப்படித் தொடங்கும், எந்தக் கட்டத்தில் திரும்பும், எதைச் சொல்லாமல் விடும் என்பவற்றில் விஞ்ஞானத்துக்கு இருந்த பங்கைவிடக் கடைத்தெருவுக்கு இருந்த பங்கு அதிகம். கடையில் தொங்கிய அட்டை, ஒரு கதைக்கு ஒதுக்கிய ஆறேழு பக்கம், பெற்றோரின் பயம், அந்தப் பயத்துக்குப் பிறந்த தணிக்கை முத்திரை ஆகியவை சேர்ந்துதான் அந்தக் கிரகங்களைப் படைத்தன.

அதற்கு முன்னால் ஒன்றும் இல்லாமல் இல்லை. பக் ரோஜர்ஸ் 1929 ஜனவரியிலும் ஃப்ளாஷ் கார்டன் 1934 ஜனவரியிலும் செய்தித்தாள்களில் தொடராகப் புறப்பட்டுவிட்டார்கள். விஞ்ஞானக் கதைக்கென்றே தனிக் காமிக்ஸ் இதழாக ஃபிக்ஷன் ஹவுஸ் 1940இல் தொடங்கிய 'பிளானட் காமிக்ஸ்' 1953 வரை 73 இதழ்கள் ஓடியது. அட்டைதோறும் அரைகுறை உடுப்பில் ஒரு பெண், அவளைப் பிடிக்க வரும் ஒரு ஜந்து, துப்பாக்கியோடு ஓர் ஆண் என்பது அதன் மாறாத சூத்திரம். ஆனால் உள்ளே வரைந்தவர்களில் ஒருவர், நாஜிகள் பிடித்த வியன்னாவிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றி அனுப்பிய ரயிலில் தப்பி வந்த யூதப் பெண் லில்லி ரெனே. அவர் வரைந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்' தொடரில், அன்னியப் படை கைப்பற்றிய பூமியின் இடிபாடுகளுக்குள் மிச்சமிருக்கும் மனிதர்கள் பதுங்கித் திரிவார்கள். ஆக்கிரமிப்பாளர்களான வோல்டா இனத்தார் தலையில் கூர்முனைக் கவசம் அணிந்து, ஆங்கிலத்தை முன்பின்னாகப் புரட்டிப் பேசுவார்கள். அந்தக் கவசம் யாருடையதென்று அன்றைய வாசகருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

1950இல் கதவு அகலத் திறந்தது. ஹிரோஷிமாவுக்கு ஐந்து வருஷம் கழிந்திருந்தது. சோவியத் யூனியன் முந்தைய ஆகஸ்டில்தான் தன் முதல் அணுகுண்டை வெடித்திருந்தது. 1947இலிருந்து அமெரிக்க வானத்தில் 'பறக்கும் தட்டு' பார்த்தவர்களுக்குக் குறைவில்லை. போர் முடிந்ததும் சூப்பர்ஹீரோக்களின் விற்பனை சரிந்து, பதிப்பாளர்கள் காதல், குற்றம், கௌபாய், பேய் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் லண்டனில் 'ஈகிள்' வந்தது. மே-ஜூன் இதழாக நியூயார்க்கில் இ.சி. நிறுவனத்தின் 'வியர்ட் சயின்ஸ்', 'வியர்ட் ஃபேன்டஸி' இரண்டும் வந்தன. ஜார்ஜ் பால் தயாரித்த 'டெஸ்டினேஷன் மூன்' திரைப்படம் கோடையில் திரையரங்குகளுக்கு வந்தபோது, அதன் சித்திர வடிவத்தை முதல் இதழிலேயே போட்டுக்கொண்டு ஷ்வார்ட்ஸின் 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ்' ஆகஸ்ட்-செப்டம்பர் தேதியிட்டுக் கடைக்கு வந்தது. அதற்குள் ஆல்-அமெரிக்கன், இன்று டி.சி. என்று நாம் அறியும் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. 1951இல் 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' சேர்ந்துகொண்டது.

ஷ்வார்ட்ஸின் பட்டறையில் கதை அட்டையிலிருந்து பிறந்தது. முதலில் ஓவியரும் ஆசிரியருமாக உட்கார்ந்து, கடையில் நிற்கும் பையன் பத்து சென்ட்டை எடுத்து நீட்டாமல் நகர முடியாதபடி ஒரு படத்தைத் தயார் செய்வார்கள். அது ஒரு விடுகதையாக இருக்க வேண்டும், நடக்க முடியாதது நடந்துகொண்டிருக்க வேண்டும். அதன் பிறகுதான் எழுத்தாளர்களான கார்ட்னர் ஃபாக்ஸையோ ஜான் புரூமையோ கூப்பிட்டு, இது எப்படி நடந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் கதை. இந்தக் கூட்டத்துக்கு விஞ்ஞானக் கதை இதழ்களின் பழக்கம் இருந்ததால், பதிலில் ஒரு துளியாவது பௌதிகமோ வேதியியலோ இருக்கும். எதிரியை வீழ்த்துவது முஷ்டி பலமாக இராது. இன்ன உலோகம் இன்ன வெப்பத்தில் உருகும், ஒலி வெற்றிடத்தில் பரவாது என்கிற மாதிரி எட்டாம் வகுப்புப் பாடம் ஒன்று நாயகனைக் காப்பாற்றும்.

இந்த முறையின் உச்சமும் கேலிக்கூத்தும் ஒன்றுதான்: கொரில்லா. 1951 மே மாத 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ்' எட்டாம் இதழின் அட்டையில், கூண்டுக்குள் அடைபட்ட கொரில்லா ஒன்று, தான் ஒரு விஞ்ஞானப் பரிசோதனைக்குப் பலியானதாக எழுத்து மூலம் வெளியே நிற்பவர்களிடம் முறையிடுகிறது. இதழ் வழக்கத்தைவிட நன்றாக விற்றது. விற்பனைக் கணக்கைப் பார்த்த நிர்வாகி இர்வின் டோனன்ஃபெல்டுக்குக் காரணம் புரியவில்லை. கொரில்லாவைத் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்னார், திரும்பவும் விற்றது. பிறகு மனித மூளை கொண்ட கொரில்லா, விஞ்ஞானி கொரில்லா, வேற்றுக்கிரகக் கொரில்லா என்று வரிசை கட்டின. மற்ற ஆசிரியர்களும் பங்கு கேட்கத் தொடங்கியதால், நிறுவனம் முழுவதற்கும் மாதத்துக்கு ஒரு கொரில்லா அட்டைதான் என்று கட்டுப்பாடு வைக்க வேண்டிவந்ததாக ஷ்வார்ட்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். பரிணாமக் கொள்கை பற்றிய சிந்தனை இந்தக் கதைகளில் இருப்பதாக யாராவது எழுதினால், விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு இதழிலும் இரண்டு பக்கம் படமில்லாத வெறும் எழுத்தாக இருந்ததும் இதே வியாபாரக் கணக்கைச் சேர்ந்ததுதான். குழந்தைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். பத்திரிகைகளுக்கான சலுகைத் தபால் கட்டணம் கிடைக்க எழுத்துப் பக்கம் இருந்தாக வேண்டும் என்ற விதிக்காகவே அது அச்சாயிற்று. ஷ்வார்ட்ஸ் தன் இதழ்களில் அந்த இடத்தை வீணாக்காமல் வானியல், விண்வெளிப் பயணம் பற்றிய துணுக்குகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இ.சி. வேறு உலகம். அதன் நிறுவனர் மேக்ஸ் கெய்ன்ஸ் 1947இல் ஏரியில் நடந்த படகு விபத்தில் இறந்தபோது, நிறுவனத்தின் பெயர் 'எஜுகேஷனல் காமிக்ஸ்'. பைபிள் கதைகளும் சரித்திரப் பாடங்களும்தான் சரக்கு. காமிக்ஸ் மேல் ஈடுபாடே இல்லாத மகன் வில்லியம் கெய்ன்ஸ் வேண்டா வெறுப்பாகப் பொறுப்பேற்று, ஆல் ஃபெல்ட்ஸ்டீன் என்ற இளம் ஓவியர் வந்து சேர்ந்ததும் பெயரை 'என்டர்டெய்னிங் காமிக்ஸ்' ஆக்கினார். எடையைக் குறைக்க கெய்ன்ஸ் சாப்பிட்ட மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது. ராத்திரியெல்லாம் விஞ்ஞானக் கதைகளும் பேய்க் கதைகளும் படிப்பார், தோன்றியதைக் குறித்துக்கொள்வார். காலையில் அந்தக் குறிப்புகளை ஃபெல்ட்ஸ்டீனிடம் ஒவ்வொன்றாக விற்கப் பார்ப்பார். ஒன்று பிடித்துப்போனால் ஃபெல்ட்ஸ்டீன் அன்றைக்கே எழுதி முடித்துவிடுவார், கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு கதை என்ற கணக்கில்.

எழுதுவது தனித் தாளில் அல்ல, ஓவியர் வரையவேண்டிய அட்டையிலேயே. கட்டங்களைப் பிரித்து, வாசகங்களையும் பலூன்களையும் முதலில் பென்சிலால் நிரப்பிவிடுவார். பொறியியல் வரைபடக்காரர்கள் பயன்படுத்திய 'லெராய்' என்ற அச்சுத் தகட்டை வைத்து எழுத்துக்களுக்கு மை ஏற்றிய பிறகுதான் அட்டை ஓவியர் கைக்குப் போகும். விளைவை எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பார்க்கலாம். கட்டத்தின் மேல்பாதி இறுகிய, கையெழுத்தின் நெளிவே இல்லாத எழுத்துக்கள். மிச்சமிருக்கும் இடத்தில் வாலி வுட் தன் கைவரிசையைக் காட்டியிருப்பார்: அழுத்தமானிகள், குழாய்கள், விசைகள், சுருண்டு தொங்கும் கேபிள்கள், அவற்றின் மேல் நாலு திசையிலிருந்தும் விழும் வெளிச்சம். அந்தக் கப்பலின் ஒரு விசை எதற்கென்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது வேலை செய்யும் என்று நம்பத் தோன்றும். வுட்டுடன் சேர்ந்து ஆரம்ப இதழ்களில் வரைந்த ஹேரி ஹாரிசன் பின்னால் பெயர்பெற்ற விஞ்ஞானக் கதை நாவலாசிரியர் ஆனார்.

இ.சி.யைக் கொண்டாடுகிறவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் குறை ஒன்று உண்டு. வாசகம் வளவளவென்று இருக்கும். கதவு திறக்கிறது என்று மேலே எழுதியிருக்கும், கீழே கதவு திறந்திருக்கும், உள்ளே இருப்பவர் கதவு திறந்துவிட்டதே என்று பலூனில் கத்துவார். ஷ்வார்ட்ஸின் பக்கங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ சுத்தம். ஆனால் அவருடைய கதைகளில் பிரச்சினை தீர்ந்து எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள், ஃபெல்ட்ஸ்டீனின் கதைகளிலோ கடைசிக் கட்டத்தில்தான் பிரச்சினையே தொடங்கும். மனிதனின் பேராசையோ அகம்பாவமோ அவன் கட்டிய ராக்கெட்டிலேயே கூட வந்திருக்கும்.

பிராட்பரி இங்கேதான் வருகிறார். 1952இல் 'வியர்ட் ஃபேன்டஸி' 13ஆம் இதழில் 'ஹோம் டு ஸ்டே' என்ற கதை வந்தது. விண்வெளிக்குப் போகாமல் இருக்க முடியாத ஒரு தகப்பனைப் பற்றிய பிராட்பரியின் கதை ஒன்று, உடைந்த ராக்கெட்டிலிருந்து சிதறி விண்ணில் மிதக்கும் மனிதர்களைப் பற்றிய அவருடைய இன்னொரு கதை, இரண்டையும் கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றாகத் தைத்துவிட்டார்கள். எரிந்து விழும் மனிதனை எரிநட்சத்திரமாகக் கீழிருந்து பார்க்கும் பையன், இந்தக் கோர்வையில் அவனுடைய மகனாகவே ஆகிவிடுகிறான். திருட்டுதான், ஆனாலும் கைதேர்ந்த திருட்டு. பிராட்பரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. இரண்டு கதைகளுக்கான மறுபயன்பாட்டு உரிமைத் தொகை 50 டாலர் இன்னும் வந்து சேரவில்லை, வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள் என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். பணம் உடனே போயிற்று. அதன் பிறகு அவர் பெயரை அட்டையிலேயே போட்டு, அனுமதியோடு இருபதுக்கும் மேற்பட்ட கதைகளை இ.சி. வெளியிட்டது. அணுகுண்டு விழுந்து மனிதர்கள் அழிந்த பிறகும் காலைச் சிற்றுண்டி சமைத்துக்கொண்டிருக்கும் தானியங்கி வீட்டின் கதையை வுட் வரைந்த பக்கங்கள், அந்தக் காலத்துக் காமிக்ஸில் நாயகனே இல்லாத அபூர்வப் பக்கங்கள்.

இ.சி.யின் விஞ்ஞான இதழ்களில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருப்பவர் 1953 மார்ச்-ஏப்ரல் 'வியர்ட் ஃபேன்டஸி' 18ஆம் இதழை எடுக்கலாம். ஃபெல்ட்ஸ்டீன் எழுதி ஜோ ஒர்லாண்டோ வரைந்த 'ஜட்ஜ்மென்ட் டே' ஏழே பக்கம். சைப்ரீனியா என்ற கிரகத்தில் மனிதர்கள் விட்டுவந்த ரோபோக்கள் தாமாகவே ஒரு சமூகத்தை அமைத்துக்கொண்டிருக்கின்றன. விண்மீன் மண்டலக் குடியரசில் அதைச் சேர்க்கலாமா என்று ஆய்வு செய்ய பூமியிலிருந்து டார்ல்டன் என்ற அதிகாரி வருகிறார். முகம் தெரியாத விண்வெளி உடை. ஆரஞ்சு நிற ரோபோ ஒன்று அவரைப் பெருமையோடு தொழிற்சாலைக்கு அழைத்துப் போகிறது. அங்கே ரோபோக்கள் ஒவ்வோர் உறுப்பாகச் சேர்ந்து உருவாவதைப் படிப்படியாகப் பார்க்கிறார். பிறகு, நீல ரோபோக்கள் எங்கே என்று கேட்கிறார். வழிகாட்டி கொஞ்சம் சங்கடப்படுகிறது. ஊருக்கு அப்பால் போக வேண்டும். போகிற வண்டியில் நீல ரோபோக்களுக்குப் பின்பக்கம்தான் இடம். அவர்களின் தொழிற்சாலை பழையது, பராமரிப்பில்லாதது. அங்கேயும் டார்ல்டன் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருகிறார்: அதே மூளை, அதே கம்பிகள், அதே மூட்டுகள். மேலுறை மாட்டும் இடத்தில்தான் நிறம் மாறுகிறது. கடைசியாக வரும் கல்விப் பொறியில், நீலத்துக்கு அதன் 'இடம்' என்ன என்பது சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

குடியரசில் சேர இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிவிட்டு டார்ல்டன் கப்பலேறுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பு மனிதர். முகத்தில் வேர்வைத் துளிகள் விண்மீன்களைப்போல் மின்னுகின்றன.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது 1954 மே மாதம். மாண்ட்கமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தது 1955 டிசம்பர். பத்து சென்ட் காமிக்ஸ் இரண்டுக்கும் முந்திக்கொண்டது. கதையைப் பாராட்டி பிராட்பரியே கடிதம் எழுதினார். உபதேசம் தூக்கலாக இருக்கிறது என்று இன்று குறை சொல்லலாம், இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தொழிற்சாலை வரிசையை ஒன்றுக்கு இரண்டு முறை, கட்டம் கட்டமாக, அதே கோணத்தில் காட்டியதில் இருக்கும் சாமர்த்தியம் காமிக்ஸால் மட்டுமே ஆவது. வாசகரே பக்கத்தைப் பின்னால் புரட்டி ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு பேர் வாங்கியும் இந்த இதழ்கள் லாபம் பார்க்கவில்லை. இ.சி.யின் கல்லாவை நிரப்பியவை 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' போன்ற பேய்க்கதை இதழ்கள்தான். அந்தப் பணத்தில்தான் விஞ்ஞான இதழ்கள் ஓடின. 1953 கடைசியில் இரண்டையும் ஒன்றாக்கி 'வியர்ட் சயின்ஸ்-ஃபேன்டஸி' என்று பெயரிட்டு, விலையை 15 சென்ட்டாக ஏற்றிப் பார்த்தார்கள். பேய் விழுந்தால் விஞ்ஞானமும் சேர்ந்து விழும் என்ற நிலை.

பேயை வீழ்த்த ஆள் தயாராக இருந்தது. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தம் 1954இல் வெளியிட்ட 'செடக்ஷன் ஆஃப் தி இன்னொசென்ட்', சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ் காரணம் என்று வாதிட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய காகிதங்களைப் புரட்டிய ஆய்வாளர் கரோல் டில்லி, சிறுவர்களின் வாக்குமூலங்களை வெர்த்தம் வெட்டியும் ஒட்டியும் மாற்றியிருந்ததை 2012இல் எடுத்துக் காட்டினார். ஆனால் 1954இல் அதைக் கேட்க நாதியில்லை. ஏப்ரல் 21 அன்று நியூயார்க்கில் செனட் துணைக்குழு முன்னால் கெய்ன்ஸ் தாமாக முன்வந்து சாட்சி சொன்னார். வெட்டிய பெண் தலை ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்த அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்டார். பேய்க்கதை அட்டைக்கு அது சரிதான் என்ற பொருளில் கெய்ன்ஸ் பதில் சொன்னது மறுநாள் பத்திரிகைகளில் அவர் தலையையே உருட்டியது.

அரசாங்கம் சட்டம் போடுவதற்குள் பதிப்பாளர்கள் முந்திக்கொண்டு, 1954 அக்டோபரில் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது, நடைபிணமும் ஓநாய் மனிதனும் கூடாது, அதிகாரிகளை இழிவாகக் காட்டக் கூடாது என்று நீண்ட பட்டியல். அட்டையின் மேல் மூலையில் தபால்தலை வடிவ முத்திரை இல்லாத இதழ்களை மொத்த வியாபாரிகள் தொடவில்லை. முத்திரை வாங்காமல் கெய்ன்ஸ் அனுப்பிய கட்டுகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. வேறு வழியின்றி அவரும் சேர்ந்தார். 'வியர்ட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு இதழுக்கு 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்ஷன்' என்று பெயர் வைத்தார்.

அதன் 33ஆம் இதழுக்காக ஏஞ்சலோ டோரஸ் வரைந்த கதை ஒன்றைத் தணிக்கை அலுவலகம் நிராகரித்தது. காலியான பக்கங்களை நிரப்ப 'ஜட்ஜ்மென்ட் டே'யையே மறுபடி போட்டுவிடலாம் என்று அனுப்பினார்கள். அப்போது நடந்ததைக் கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தணிக்கைத் தலைவர் நீதிபதி சார்லஸ் மர்ஃபி, கடைசிக் கட்டத்தில் கறுப்பர் இருக்கக் கூடாது என்றார். அவர் கறுப்பராக இருப்பதுதானே கதை என்று ஃபெல்ட்ஸ்டீன் வாதாடினார். எந்த இனத்தையும் இழிவுபடுத்தக் கூடாது என்று மர்ஃபி கையிலிருந்த விதித்தொகுப்பிலேயே எழுதியிருந்தது. பிறகு மர்ஃபி இறங்கிவந்து, வேர்வைத் துளிகளையாவது அழியுங்கள் என்றாராம். கெய்ன்ஸ் தொலைபேசியில் கெட்ட வார்த்தையில் திட்டி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவேன் என்று மிரட்டி, ஒரு புள்ளிகூட மாற்றாமல் அச்சிட்டார். 1956 ஜனவரி-பிப்ரவரி தேதியிட்ட அந்த இதழ்தான் இ.சி.யின் கடைசிக் காமிக்ஸ் இதழ். கையில் மிஞ்சிய நையாண்டி இதழான 'மேட்' ஏற்கெனவே சஞ்சிகை வடிவத்துக்கு மாறிவிட்டதால் முத்திரையின் பிடியிலிருந்து தப்பித்துக்கொண்டது.

இதே பயம் அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் நேர் எதிரான காரியத்தைச் செய்தது. அமெரிக்கப் பேய்க் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று 1949இல் லண்டன் பத்திரிகையில் கொதித்தெழுதிய மார்கஸ் மாரிஸ் ஒரு பாதிரியார். திட்டுவதோடு நிற்காமல், ஓவியர் ஃப்ராங்க் ஹாம்ப்சனுடன் சேர்ந்து மாற்று இதழ் ஒன்றின் மாதிரியைத் தயாரித்துக்கொண்டு பதிப்பாளர்களின் படியேறினார். ஹல்ட்டன் பிரஸ் ஏற்றுக்கொண்டது. 1950 ஏப்ரல் 14 அன்று மூன்று பென்ஸ் விலையில் வெளியான 'ஈகிள்' முதல் இதழ் ஒன்பது லட்சம் பிரதிகளை நெருங்கியது. முதல் பக்க நாயகன் டேன் டேர் ஆரம்பத் திட்டத்தில் ஒரு விண்வெளிப் பாதிரியார். நல்ல வேளையாக அச்சுக்குப் போவதற்குள் விமானி ஆகிவிட்டார்.

டேன் டேர் 1990களில் வெள்ளிக் கிரகத்துக்குப் போவது வீரதீரத்துக்காக அல்ல, சாப்பாட்டுக்காக. பூமியில் ஜனத்தொகை பெருகி உணவு போதவில்லை. இந்தக் கதையை வாராவாரம் படித்த பிள்ளைகளின் வீட்டில் மாமிசமும் சர்க்கரையும் ரேஷன் அட்டைக்குத்தான் கிடைத்தன. பிரிட்டனில் உணவு ரேஷன் முழுவதும் ஒழிந்தது 1954 ஜூலையில்தான். சவுத்போர்ட் அருகே பழைய ரொட்டிக்கூடம் ஒன்றில் ஹாம்ப்சன் குழு வேலை பார்த்தது. கப்பல்களுக்கு மாதிரிகள் செய்து, உதவியாளர்களை உடை மாட்டி நிறுத்திப் புகைப்படம் எடுத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே வரைவார்கள். கிழட்டு விண்படைத் தளபதியின் முகம் ஹாம்ப்சனின் அப்பாவுடையது. தொடக்கத்தில் விஞ்ஞான ஆலோசகராக இருந்தவர் ஆர்தர் சி. கிளார்க். வாரத்துக்கு இரண்டு வண்ணப் பக்கம், ஒரே கதை ஒன்றரை வருஷம் நீண்டது. ஆறு பக்கத்தில் அவசரமாக விடை சொல்ல வேண்டிய கட்டாயம் ஷ்வார்ட்ஸுக்கு இருந்ததுபோல் ஹாம்ப்சனுக்கு இல்லை. அதனால் அவரால் ஒரு கிரகத்தின் தாவரங்கள், போக்குவரத்து, அரசியல் எல்லாவற்றையும் நிதானமாகக் கட்ட முடிந்தது. ஓவியத்தின் துல்லியத்திலும் உலகைக் கட்டிய பொறுமையிலும் நியூயார்க் பட்டறைகள் எதுவும் அவருக்கு ஈடில்லை. ஆனால் படைப்புரிமையில் அவருக்குப் பங்கு இல்லை. நிறுவனம் கைமாறிய 1959இல் டேன் டேரை விட்டு விலகினார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பிரிட்டிஷ் வாரஇதழ் மரபின் ஒரு கிளை நன்றாகத் தெரியும். 1962இல் லண்டனின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா'வின் முதல் கதைகளை எழுதியவர் விஞ்ஞானக் கதை நாவலாசிரியர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டல், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை மட்டும் தெரிய மறைந்துபோவான். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழில் அவன்தான் இரும்புக்கை மாயாவி.

நியூயார்க்கில் களம் இப்போது ஷ்வார்ட்ஸுக்குக் காலியாகியிருந்தது. விதித்தொகுப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. அவருடைய கதைகளில் ரத்தம் இல்லை, ஆட்சியாளர்கள் நல்லவர்கள், புதிருக்கு விடை உண்டு. தணிக்கை அதிகாரி விரும்பக்கூடிய விஞ்ஞானக் கதையை அவர் தணிக்கை வருவதற்கு முன்பிருந்தே எழுத வைத்துக்கொண்டிருந்தார். 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் பறந்ததும் விண்வெளி மறுபடி சூடான சரக்கானது. டோனன்ஃபெல்ட் இரண்டு ஆசிரியர்களைக் கூப்பிட்டு, ஒருவர் எதிர்கால நாயகனையும் மற்றவர் நிகழ்கால நாயகனையும் படைக்கச் சொன்னார். ஷ்வார்ட்ஸ் நிகழ்காலத்தை எடுத்துக்கொண்டார். 1958 நவம்பர்-டிசம்பர் 'ஷோகேஸ்' 17ஆம் இதழில் ஆடம் ஸ்ட்ரேஞ்ச் பிறந்தார்.

ஆடம் ஒரு தொல்பொருள் ஆய்வாளர். பெரு நாட்டில் இன்கா வம்சத்தார் துரத்த, பாதாளத்தைத் தாண்டிக் குதிக்கும் நொடியில் ஓர் ஒளிக்கற்றை அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ரான் என்ற கிரகத்தில் இறக்குகிறது. அது ஆல்ஃபா சென்டாரி விண்மீனைச் சுற்றும் கிரகம், நமக்கு 4.3 ஒளியாண்டு தூரம். சர்டத் என்ற விஞ்ஞானி பூமியோடு தொடர்புகொள்ள அனுப்பிய 'ஸீட்டா' கற்றை, வழியில் விண்வெளிக் கதிர்வீச்சால் மாறி, ஆளைக் கடத்தும் கற்றையாகிவிட்டது. அதன் வீரியம் தீர்ந்ததும் ஆடம் தானாகப் பூமிக்குத் திரும்பிவிடுவார், பெரும்பாலும் சர்டத்தின் மகள் அலானாவைக் கட்டியணைக்கும் தருணத்தில். அடுத்த கற்றை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விழும் என்று கணக்குப் போட்டு அங்கே போய்க் காத்திருப்பார். கற்றை எப்போதும் தென்கோளத்தில்தான் விழும், ஏனென்றால் அந்த விண்மீன் தெரிவது அங்கேதான் என்பது கதையின் நியாயம். (நியூயார்க்கில் தெரியாது என்ற வரைக்கும் சரி. மே மாத இரவில் சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே பார்த்தால் அடிவானத்துக்குச் சற்று மேலே நன்றாகவே தெரியும்.)

வேற்றுலகுக்குப் போய் அங்குள்ளவர்களைக் காப்பாற்றி இளவரசி போன்ற ஒருத்தியை அடையும் பூமி மனிதன் என்ற சட்டகம், எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் செவ்வாய்க்கு அனுப்பிய ஜான் கார்ட்டருடையது. காலனியக் கதைகளின் வாடை இரண்டிலும் உண்டு. ராக்கெட் கட்டும் அளவுக்கு முன்னேறிய ரான் மக்களுக்கு ஒவ்வொரு முறையும் ஆபத்திலிருந்து தப்பும் யோசனையைச் சொல்ல ஓர் அமெரிக்கர் வரவேண்டியிருக்கிறது. இருந்தும் கார்மைன் இன்ஃபன்டினோவின் ஓவியத்துக்காக இந்தக் கதைகளை மன்னிக்கலாம். 1959இல் தொடர் 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' 53ஆம் இதழுக்கு மாறியதும் அவர் கைக்கு வந்தது. கட்டங்களைக் கிடைமட்டமாக நீட்டி, தூரத்து அடிவானத்தில் ஊசிக் கோபுரங்களை நிறுத்தி, நடுவில் நிறைய வெறும் வானத்தை விட்டுவிடுவார். சிவப்பு உடையில் ஆடம் அந்த வெளியில் சின்னதாகப் பறந்துகொண்டிருப்பார். வுட்டின் அடைசலான கப்பலுக்குள் இருந்து வந்து இந்தப் பக்கங்களைத் திறந்தால் கண்ணுக்குக் காற்றாடும்.

ஆனால் சூப்பர்ஹீரோக்களை மறுபடி உயிர்ப்பித்ததும் இதே ஷ்வார்ட்ஸ்தான். 1956இல் புதுப்பித்த ஃப்ளாஷும் 1959இல் வந்த கிரீன் லேன்டர்னும் உண்மையில் அவருடைய விஞ்ஞானக் கதைகள் முகமூடி போட்டுக்கொண்டவை. எழுதியவர்களும் வரைந்தவர்களும் அதே ஃபாக்ஸ், புரூம், இன்ஃபன்டினோ, கில் கேன். அவற்றின் விற்பனை விண்வெளி இதழ்களைத் தாண்டிப் போயிற்று. 1964இல் நிர்வாகம் தள்ளாடிக்கொண்டிருந்த பேட்மேனைத் தூக்கி நிறுத்த ஷ்வார்ட்ஸிடம் கொடுத்து, விண்வெளி இதழ்களை வேறு ஆசிரியருக்கு மாற்றியது. 1965 ஜூலையில் மரீனர் 4 அனுப்பிய படங்களில் செவ்வாய் நிலாவைப்போல் குழிகள் விழுந்து வெறிச்சோடிக் கிடந்தது. 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' 1966 செப்டம்பரில் 110ஆம் இதழோடு நின்றது.

அச்சான பக்கங்களுக்கு வந்த கதியும் இரண்டு நிறுவனங்களில் இரண்டு விதம். டி.சி. அச்சு முடிந்த மூல ஓவியங்களுக்கு மதிப்பிருப்பதாக நினைக்கவில்லை. அந்தக் காலத்துப் பக்கங்களில் பெரும்பாலானவற்றைக் கிழித்துக் குப்பையில் போட்டது. கெய்ன்ஸ் மட்டும் இ.சி. ஓவியங்களை ஏறக்குறைய ஒன்றுவிடாமல் பூட்டி வைத்திருந்தார். 1970களின் கடைசியிலிருந்து பதிப்பாளர் ரஸ் காக்ரன் அவற்றிலிருந்தே பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில், முழுத் தொகுதிகளாக அச்சிட்டார். வுட் வரைந்த ஒவ்வோர் அழுத்தமானியின் முள்ளும் 1952இல் பத்து சென்ட் கொடுத்து வாங்கியவர்களைவிட அந்தத் தொகுதிகளை வாங்கியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.